வால் நீண்ட சறுக்குமரம்

எங்கள் பட்டறையில் சின்னவன், பெரியவன் என்று இரண்டு பேர் உண்டு. இரண்டு பேருக்கும் தலை கிடையாது, கை கிடையாது, உள்ளே முழுக்க மணல். சின்னவன் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கனம். பெரியவன் அதைப் போல இரண்டு மடங்கு. சறுக்குமரத்தின் உச்சியில் உட்காரவைத்து முதுகில் ஒரு தட்டு தட்டினால் இறங்கிப் போவார்கள். எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் சோதனை. வெறும் சாக்காக இருந்தபோது ஏணியில் உரசி உரசிக் கிழிந்து, பட்டறை முழுக்க மணலைக் கொட்டினார்கள். கூட்டிப் பெருக்கி எனக்கு இடுப்பு ஒடிந்தது. கடைசியில் மாமாவின் பழைய ஜீன்ஸ் இரண்டை வெட்டித் தைத்து, நான்தான் ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு பார்க்கவும் லட்சணமாக இருந்தார்கள்.

பட்டறை மாமாவுடையது. மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தகடு வெட்டுவது, வெல்டிங் வைப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் அவர் வேலை. பெயின்ட் என் வேலை. அக்கா மட்டும் விருந்தாளி மாதிரி வந்தவள். பொறியியல் படித்துவிட்டு ஒரு பெரிய அலுவலகத்தில் உட்கார்ந்து தண்ணீர்த் தொட்டிகள் வரைந்துகொண்டிருந்தாள். "சதுரத் தொட்டி, உருண்டைத் தொட்டி. இதை விட்டா உலகத்துல வேற உருவமே இல்லையாடி?" என்று என்னிடம் புலம்பித் தீர்ப்பாள். நகரத்தின் பூங்காத் துறை புதிதாகச் சறுக்குமரங்கள் கேட்கிறது என்று தெரிந்ததும், நீண்ட லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

ஆனால் லீவு என்பது ரப்பர் இல்லையே, இழுத்துக்கொண்டே போக. அவளுடைய மேலாளர் போன் செய்தார். திங்கட்கிழமை வந்தால் மேசை இருக்கும், வராவிட்டால் வேறு ஆள் உட்காருவார். பூங்காத் துறை ஆய்வாளர் வருவது அதற்கு முந்தைய சனிக்கிழமை. சறுக்குமரம் தேறினால் எல்லாப் பூங்காக்களுக்கும் எங்களிடமே செய்யச் சொல்வார்கள், அக்கா இங்கேயே இருந்துவிடலாம். தேறாவிட்டால் திங்கட்கிழமை காலையில் அவள் மறுபடி தண்ணீர்த் தொட்டிதான். மாமா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதருக்குக் கடவுள் வாய் என்று ஒன்றைச் சாப்பிட மட்டும்தான் கொடுத்திருக்கிறார். மனைவி வரைந்த முதல் சறுக்குமரம் என்று, தகட்டுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தார். பாலிஷுக்கு மேல் மெழுகு, மெழுகுக்கு மேல் மறுபடி துணி. கடைசியில் அதில் குனிந்து பார்த்து நான் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

அழகுக்கு அழகு சரி. வழுக்கலை என்ன செய்வது?

சறுக்குமரம் கீழே வந்ததும் தரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் நீளும் அல்லவா, அதை நாங்கள் வால் என்போம். இறங்கி வரும் பிள்ளை அந்த வாலுக்குள் வேகம் குறைந்து நின்றுவிட வேண்டும். வால் முடியும் இடத்திலிருந்து தரைக்கு முழங்கால் உயரம் இருக்கும். முதல் சோதனையில் சின்னவன் வாலைக் கண்டுகொள்ளவே இல்லை. வந்த வேகத்தில் தாண்டிக் குதித்து, சிமென்ட் தரையில் குப்புற விழுந்தான்.

"பூங்காவுல இருக்கிற பழசைவிட ஒன்றரை மடங்கு வேகமா வருது, வால் மட்டும் பழைய அளவு," என்றார் மாமா. "வாலையும் ஒன்றரை மடங்கு நீட்டிட்டா சரியாப்போச்சு."

"பத்தாதுங்க," என்றாள் அக்கா.

"ஏன் பத்தாது? வேகம் எவ்வளவு கூடியிருக்கோ அவ்வளவு வால்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாமா அக்கா பேச்சைக் கேட்காமல் தகட்டை வெட்டி ஒட்டினார். வால் நுனி வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மறுநாள் சின்னவன் இறங்கினான். வாலைத் தாண்டினான், வாசலைத் தாண்டினான், எதிர்ப்பக்கம் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடையின் முன்னால் அடுக்கியிருந்த காலி அட்டைப்பெட்டிகளுக்குள் போய்ச் சொருகிக்கொண்டான். ரிப்பேர்காரர் ஸ்குரூடிரைவரோடு வெளியே ஓடி வந்தார். ஜீன்ஸ் போட்ட இரண்டு கால் பெட்டிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்புறம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கத்தினார்.

"ஏம்மா, பிள்ளை வளர்க்கிற லட்சணமா இது?"

அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவுக்கு மட்டும் முகம் சுருங்கிப்போனது. சிரிப்பு அடங்கியதும் அக்கா ஒரு சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினாள். சுவருக்கு நான் பெயின்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே யாருக்குக் கவலை.

"ஓடுற பொருளுக்குள்ள ஒரு ஆற்றல் இருக்கு. இயக்க ஆற்றல். அது நிக்கணும்னா அந்த ஆற்றல் மொத்தமும் எங்கயாவது செலவாகணும். வால்ல உரசி உரசித்தான் செலவாகுது. வேகம் ஒன்றரை மடங்கு ஆனா, ஆற்றல் ஒன்றரை மடங்கு ஆகாது. ஒன்றரையை ஒன்றரையால பெருக்கணும். ரெண்டேகால். அப்ப வாலும் ரெண்டேகால் மடங்கு வேணும்."

"வேகத்தை வேகத்தாலயே ஏன் பெருக்கணும்?" என்று கேட்டேன். எதையும் அப்படியே விழுங்குகிற ஆள் நான் இல்லை.

"சைக்கிள்ல மெதுவா வந்து பிரேக் போட்டா எவ்வளவு தூரத்துல நிக்குது? அதே சைக்கிள் ரெண்டு மடங்கு வேகத்துல வரட்டும். நிக்கிறதுக்குள்ள நேரமும் ரெண்டு மடங்கு ஆகுது. அந்த நேரத்துல போற வேகமும் ரெண்டு மடங்கு. ரெண்டையும் சேர்த்துப் பாரு, நாலு மடங்கு தூரம் போயிருக்கும்."

சைக்கிளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

மாமா வாலை ரெண்டேகால் மடங்காக்கினார். சின்னவன் இறங்கினான், வாலில் பாதிக்கு மேல் போனான், சோம்பேறி மாதிரி வேகம் குறைந்து, முடிவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றான். அந்த இடத்தில் அக்கா சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். ரிப்பேர்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து கைதட்டினார்.

"சின்னவன் நிப்பான். பெரியவன் நிக்க மாட்டான்," என்றேன் நான். கனமான ஆள் வேகமாகப் போய் விழுவான் என்பது யாருக்குத்தான் தெரியாது? தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று அக்காவோடு பந்தயம் கட்டினேன். மாமாவும் நானும் மூச்சு வாங்கப் பெரியவனைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறினோம். தட்டிவிட்டேன். பெரியவன் பொதுக்கென்று இறங்கிப் போய், சின்னவன் நின்ற அதே சாக்பீஸ் கோட்டின்மேல் நின்றான். கோட்டைக்கூடத் தாண்டவில்லை, துரோகி.

"கனம் ரெண்டு மடங்குன்னா ஆற்றலும் ரெண்டு மடங்குதான், அதை நான் இல்லேன்னு சொல்லலை," என்றாள் அக்கா, பாத்திரம் கழுவும் சோப்பை என் கையில் வைத்தபடி. "ஆனா தகட்டை அமுக்குற அமுக்கும் ரெண்டு மடங்கு, உரசலும் ரெண்டு மடங்கு. வரவும் ரெட்டை, செலவும் ரெட்டை. யானை வந்தாலும் இதே கோட்டுலதான் நிக்கும்."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அக்கா அந்தப் பேச்சை எடுத்தாள். வால் பகுதியை மட்டும் உப்புத்தாள் போட்டுக் கொஞ்சம் சொரசொரப்பாக்கிவிட்டால் இன்னும் பத்திரம் என்றாள். மாமா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"இதுல முகம் தெரியுது," என்றார்.

"தெரியட்டும்ங்க. பிள்ளைங்க முகம் பார்க்கவா வராங்க?"

"நிக்குது இல்ல? அப்புறம் எதுக்குக் கெடுக்கணும்?"

ராத்திரிச் சாப்பாட்டில் "குழம்பை நகர்த்தச் சொல்லு", "அவரையே நகர்த்திக்கச் சொல்லு" என்று எல்லாம் என் வழியாகவே போய் வந்தது. நான் என்ன தபால் ஆபீஸா? ஆனாலும் மாமாவைத் திட்ட மனசு வரவில்லை. அவருக்குப் பேசத் தெரியாது. அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தத் தகட்டில் தேய்த்து வைத்திருந்தார். அக்காவுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் உப்புத்தாள் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஆய்வாளர் வந்தார். வயதான ஒரு அம்மா. நல்ல ஆகிருதி, பெரியவனைப் போல இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டினால் வரும் கனம். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார், படிகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தார், வெல்டிங்கைத் தடவினார். தடவின இடமெல்லாம் வழவழவென்றிருக்க, லேசாகத் தலையை ஆட்டினார். மாமாவுக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது.

நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"அதை வைம்மா," என்றார் ஆய்வாளர் அம்மா. "நான் மூட்டையை நம்புறதில்லை. எங்க போனாலும் நானே இறங்கிப் பார்க்கிறதுதான் என் வழக்கம். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து இறங்குவாங்க இல்ல? என் கனத்துக்குத் தாங்கணும், நிக்கணும்."

மாமா என் காதருகே வந்தார். "ஏம்மா, அவங்க ரெண்டு பெரியவன் இருப்பாங்க போலிருக்கே!"

அக்கா துளிக்கூட அசையவில்லை. "ஏறுங்க மேடம்," என்றாள் ஜம்மென்று. எங்கள் பக்கம் திரும்பி, "யானை வந்தாலும் அதே கோடுதான்," என்று கண்ணடித்தாள். சாக்பீஸ் கோடு வாலில் இன்னும் அப்படியே இருந்தது. நானும் நிம்மதியாகக் கையைக் கட்டிக்கொண்டேன்.

ஆய்வாளர் அம்மா ஏணியில் ஏறி உச்சியில் நின்றார். தோள்பையைத் திறந்து எதையோ எடுத்து உதறினார். சரசரவென்று ஒரு சத்தம். மழைக்குப் போடுகிற கால்சட்டை, பளபளவென்று மின்னும் நைலான். "எல்லா இடத்துலயும் ஏறி இறங்கி என் துணியெல்லாம் நாசமாப் போவுது," என்று சொல்லியபடி, போட்டிருந்த உடைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு, பொறுமையாக உட்கார்ந்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. அந்தச் சரசரப்பைக் கேட்ட அதே நொடியில் எனக்கும் உறைத்துவிட்டது. சின்னவனும் ஜீன்ஸ், பெரியவனும் ஜீன்ஸ். முரட்டுத் துணி. இத்தனை நாளும் நாங்கள் சோதித்தது கனத்தை மட்டும்தான், துணியை இல்லை. மெழுகு போட்ட கண்ணாடித் தகட்டில் நைலான் உட்கார்ந்தால் இறங்கும் வேகமும் கூடும், வாலில் உரசலும் குறையும். யானைக்குக் கணக்குப் போட்டவள் யானையின் கால்சட்டைக்குப் போடவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஒருவேளை நின்றுவிடுவார், ஆள் கனம்தானே, கடவுளே கடவுளே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். கையெழுத்துக்கு இன்னும் ஒரே ஒரு சறுக்கல்தான் பாக்கி. அக்காவின் தலைவிதியே அந்த அம்மாவின் பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"மேடம், இறங்காதீங்க!" என்று அக்கா கத்தினாள்.

ஆய்வாளர் அம்மா இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தார். "ஏன்?"

"இந்த மாதிரித் துணியில நாங்க சோதிச்சுப் பார்க்கலை. எல்லாமே ஜீன்ஸ்லதான் பண்ணினோம். வால்ல நிக்காது மேடம். தாண்டிப் போய்த் தரையில விழுந்துடுவீங்க."

"உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

ஆய்வாளர் அம்மா பேனாவை எடுத்தார். "அப்ப தேறலைன்னு எழுதிடட்டுமா?"

அக்கா ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எழுதுங்க. ஆனா ஏணி வழியா இறங்குங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணோம். ஆம்பளைகளே இப்படித்தான், வேண்டிய நேரத்தில் இருக்க மாட்டார்கள் என்று பல்லைக் கடித்தேன். அதற்குள் உள்ளேயிருந்து வந்துவிட்டார். ஒரு கையில் தகடு தேய்க்கிற கிரைண்டர், அதில் இருப்பதிலேயே முரட்டு உப்புத்தாள் தட்டு. இன்னொரு கையில் பெயின்ட் கரைக்கிற தின்னர் டப்பா.

"மேடம்," என்றார் மேலே பார்த்து. நாங்கள் யாருமே அவர் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. "பேனாவை மூடி வைங்க. கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்திருங்க. மேல காத்து நல்லா வரும்."

ஆய்வாளர் அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, பேனாவை மூடினார்.

மாமா முதலில் தின்னரைத் துணியில் நனைத்து வாலிலிருந்த மெழுகு முழுவதையும் துடைத்தார். பிறகு கிரைண்டரை ஓட்டினார், குறுக்கே, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை. அவ்வளவு நாள் உழைத்துக் கொண்டுவந்த கண்ணாடி, வரிவரியாகச் சாம்பல் நிறமானது. குனிந்திருந்த அவர் முகம் தகட்டில் முழுதாகத் தெரிந்தது, பிறகு பாதியாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அவர் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அக்கா "போதுங்க, போதும்" என்றாள். அவர் காதில் விழவில்லையா, விழாத மாதிரி இருந்தாரா, தெரியாது. கடைசி விளிம்புவரை போய்த்தான் நிறுத்தினார்.

"முதல்ல பெரியவன் போகட்டும்," என்றாள் அக்கா. "இந்தத் தடவை நைலான்ல."

நைலானுக்கு எங்கே போவது என்று நாங்கள் விழிக்க, மேலேயிருந்து சரசரவென்று கால்சட்டை வந்து என் தலையில் விழுந்தது. ஆய்வாளர் அம்மா கழற்றிப் போட்டிருந்தார். பெரியவனுக்கு அது தொளதொளவென்றிருந்தது. இடுப்பில் கயிறு கட்டி, ஏணியில் ஏற்றினோம். உச்சியில் இரண்டு பேர் உட்கார இடமில்லை. ஆய்வாளர் அம்மா பெரியவனை மடியில் வாங்கி, குழந்தையை நகர்த்துகிற மாதிரி முன்னால் நகர்த்தி, "போ ராஜா," என்று முதுகில் தட்டிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே வெட்கம் வந்துவிட்டது.

பெரியவன் பாய்ந்து இறங்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சர்ரென்ற சத்தம் கர்ரென்று மாறியது. கண்ணைத் திறந்தபோது வாலின் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான்.

"என் பேன்ட்டைக் கொடுங்க," என்றார் ஆய்வாளர் அம்மா.

அவர் இறங்கியபோது பட்டறையே அதிர்ந்தது. சறுக்கலில் பறந்தார், வாலுக்கு வந்ததும் வேகம் தளர்ந்தது, தளர்ந்து தளர்ந்து, பெரியவன் நின்ற அதே இடத்தில் நின்றார். எதிர்ப்பக்கம் ரிப்பேர்காரர் விசில் அடித்தார். ஆய்வாளர் அம்மா எழுந்திருக்கவில்லை. வாலிலேயே உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு எழுதினார்.

"நான் எத்தனையோ இடத்துல விழுந்திருக்கேன்," என்றார் எழுதிக்கொண்டே. "எல்லாரும் வாங்க மேடம், ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்வாங்க. இறங்காதீங்கன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். சறுக்குமரத்தை மட்டுமா, செய்றவங்களையும் பார்த்துத்தான் நான் தேறினதுன்னு எழுதுறேன்." தாளைக் கிழித்து அக்காவிடம் கொடுத்தார். பிறகு, "ஒரு தடவை சரியா நின்னா அது தற்செயலாக்கூட இருக்கலாம்," என்று முணுமுணுத்தபடி மறுபடி ஏணிக்குப் போனார். இரண்டாம் தடவை இறங்கினார். மூன்றாம் தடவைக்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

அக்கா கையில் தாளோடு வாலருகே உட்கார்ந்து, சாம்பல் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உங்க கண்ணாடி போச்சேங்க."

"போனாப் போகுது." மாமா கிரைண்டரின் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்த வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் தனக்கென்று அவளிடம் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டார். "திங்கட்கிழமை... நீ இங்கதானே இருப்பே?"

"வேற எங்க போவேன்? அடுத்த சறுக்குமரத்தை யாரு வரைவா, உங்க தாத்தாவா?"

கிரைண்டர் தூசி கண்ணில் விழுந்தது என்று எழுதி மாமாவின் மானத்தைக் காப்பாற்றலாம்தான். ஆனால் தூசி எப்போதோ அடங்கிவிட்டது. மாமா நின்ற இடத்திலேயே நின்று, வயரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். அக்கா எழுந்து போய் அவர் கையிலிருந்த வயரை வாங்கிக் கீழே வைத்தாள்.